சாரெல்: கீரையா, குதிரையா?

கேள்வி: ஆங்கிலக் கதை ஒன்றில் 'சாரெல் குதிரை' என்று வருகிறது. அகராதியைப் புரட்டினால் 'ஒருவகைப் புளிப்புக் கீரை' என்கிறது. கீரைக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்?
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: ஒரு சம்பந்தமும் இல்லை. இதே குழியில் நானும் விழுந்திருக்கிறேன். மொழிபெயர்க்க வந்த புதிதில் 'கீரைப் பச்சைக் குதிரை' என்றே எழுதிக் கொடுத்தேன். உதவி ஆசிரியர் ஓரத்தில் பென்சிலால், "கொம்பு உண்டா?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

எழுத்துதான் ஒன்று, சொல் இரண்டு. இரண்டுமே பழைய பிரெஞ்சிலிருந்து வந்தவை. கீரைப் பெயரில் இருப்பது 'சுர்', அதாவது புளிப்பு. ஆங்கில 'சவர்' அதன் பங்காளி. நாமும் அப்படித்தானே பெயர் வைத்திருக்கிறோம்? புளிச்சகீரை, புளியாரை! ஆங்கிலத்தில் 'வுட் சாரெல்' என்பது புளியாரையின் இனம்தான். எங்கள் வீட்டு அடிபம்பைச் சுற்றி, செங்கல் இடுக்கில் மூன்று மூன்று இதய இலைகளோடு படர்ந்து கிடக்கும். பள்ளிக்குப் போகும்போது பறித்து மென்றுகொண்டே போவோம். முற்றிய காயைத் தொட்டால் விதை முகத்தில் தெறிக்கும். ஐரோப்பியர் சூப் வைக்கும் சாரெல் வேறு. அது நம் சுக்கான்கீரைக்குத் தாயாதி. அம்மா இந்தப் புளிப்புக் கீரைகளை மண்சட்டியில்தான் கடைவார். இரும்புச் சட்டி என்றால் கறுத்துவிடும்.

குதிரைக்கு வந்தது 'சோர்' என்ற நிறச்சொல்: காய்ந்த சருகின் செம்பழுப்பு. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் வில்லியம் 1702-ல் ஏறி விழுந்த குதிரைக்குப் பெயரே சாரெல்தான். அகழெலி தோண்டிய மண்மேட்டில் அது இடறியது என்பார்கள். காறை எலும்பு முறிந்த மன்னர் மார்ச் மாதம் இறந்தார். அவருக்கு ஆகாதவர்கள், "கறுப்பு வெல்வெட் போட்ட குட்டிக் கனவான் வாழ்க!" என்று அந்த எலிக்காக மதுக்கிண்ணம் உயர்த்தினார்களாம்.

உங்கள் கதையில் 'செவலைக் குதிரை' என்று தைரியமாக எழுதுங்கள். மாட்டுக்குச் சொல்கிற சொல்தான், ஆனால் நிறம் அச்சாக அதுவே. ஜமைக்காக்காரர் எழுதிய கதை கையில் கிடைத்தால் மட்டும் இன்னொரு முறை யோசியுங்கள். அங்கே கிறிஸ்துமஸ் சமயத்தில் 'சாரெல்' குடிப்பார்கள்: புளிச்சகீரைச் செடியின் சிவந்த புல்லிகளை இஞ்சியோடு ஊறவைத்து, விருப்பப்பட்டால் கொஞ்சம் ரம் விட்டு.