முலாம் பூசிய பழைய ரிவால்வர்: தயாரிப்பை எப்படிக் கண்டறிவது?

கேள்வி: கீரிப்பாறைப் பக்கம் உள்ள எங்கள் தோட்டத்தின் காவலுக்கென்று தாத்தா வாங்கிய ரிவால்வர் வீட்டில் இருக்கிறது. உரிமம் அண்மையில் காலமான அப்பாவின் பெயரில் உள்ளது. உரிமத்தில் '32 போர் ரிவால்வர்' (போர் என்பது குழலின் உள்விட்டம்) என்று மட்டுமே இருக்கிறது. வெள்ளியாகப் பளபளக்கிறது, எழுத்துகள் தேய்ந்துவிட்டன. இது என்ன தயாரிப்பு? மறுபடி பாலிஷ் போடலாமா?
– வாசகர், தக்கலை

பதில்: பாலிஷ் பேச்சே வேண்டாம். அதைவிட அவசரமான வேலை இருக்கிறது. உரிமதாரர் காலமான பிறகு நீங்கள் அதை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி சரியல்ல. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ தாமதமின்றி ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். எடுத்துச் செல்லும் முன் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். வாரிசு உரிமம் பற்றி நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் கேட்கலாம். கீழே சொல்லும் சோதனைகளை, தோட்டா இல்லை என்று உறுதிசெய்த பின் ஆயுதக் கடைக்காரரே செய்யட்டும்.

எவர்சில்வரில் செய்த ரிவால்வரோ என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அப்படி ஒன்றை முதன்முதலில் கொண்டுவந்ததே 1965இல்தான். தாத்தா காலத்துப் பொருள் என்றால் இது முலாமாகத்தான் இருக்கும். நிக்கலில் லேசான மஞ்சள் சாயல் தெரியும். குரோமியம் நீலம் கலந்த வெண்மை. குரோமியமாக இருந்தால் பெரும்பாலும் வண்டி பம்பருக்கு முலாம் போடும் பட்டறையின் கைவண்ணம். துப்பாக்கிகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் கருநீலப் பூச்சு கடற்காற்றில் துருவேறுவதைப் பார்த்துச் சலித்தவர்கள் நம் மாவட்டத்தில் அப்படிச் செய்திருந்தால் வியப்பில்லை.

நிக்கல் என்றால் தொழிற்சாலையே பூசியதாகவும் இருக்கலாம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பழைய நிக்கல் ரிவால்வர்களில் சுத்தியலுக்கும் விசைக்கும் முலாம் கிடையாது. பதப்படுத்திய எஃகின் பழுப்பும் நீலமும் படர்ந்த நிறத்திலேயே விட்டிருப்பார்கள். அவையும் வெள்ளையாக மின்னினால், பிற்பாடு யாரோ பூசியது. திருகாணித் துளைகளின் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கூர்மை போய்க் குழிந்திருந்தால் அங்கே பஃப் சக்கரம் (பாலிஷ் போடும் சக்கரம்) ஓடியிருக்கிறது. உங்கள் எழுத்துகளைத் தின்றதும் அதுதான்.

எழுத்து போனாலும் அமைப்பு இருக்கிறது. இடப்பக்கத் தாழை அழுத்தியதும் குழல் முன்பக்கமாகக் கீழே மடிந்தால் வெப்ளி என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் வகை. நம் கான்பூர்த் தொழிற்சாலையின் 32 போர் ரிவால்வரும் வெப்ளி மார்க் 4ஐத் தழுவியதே. இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் சோதிக்கப்பட்ட அசல் வெப்ளியில் கிரீடமும் அதன் கீழே எழுத்துகளும் பொறித்த சிறு முத்திரைகள் இருக்கும்.

சிலிண்டர் (தோட்டாக்களைச் செருகும் உருளை) இடப்பக்கம் வெளியே சாய்ந்தால் அமெரிக்க வகை. தாழை முன்னே தள்ளித் திறப்பது ஸ்மித், பின்னே இழுத்துத் திறப்பது இன்னொரு அமெரிக்க நிறுவனமான கோல்ட்டின் தயாரிப்பு. பின்னாலிருந்து பார்த்தால் கோல்ட்டின் சிலிண்டர் வலஞ்சுழியாகவும் ஸ்மித்தினுடையது இடஞ்சுழியாகவும் சுற்றும். ஸ்பெயினின் ஐபார் நகரத்து நகல்கள் ஸ்மித்தை அப்படியே உரித்து வைத்திருக்கும் என்பதால், முத்திரை கிடைக்கும்வரை முடிவு கட்டாதீர்கள்.

போர் அளவுக்கும் உரிமத்தாளை மட்டும் நம்ப வேண்டாம். கடைக்காரரை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். .380 அல்லது .455 விளிம்புத் தோட்டா (அடிப்பக்க விளிம்பு வெளியே நீண்டிருக்கும் தோட்டா) ஏறும் ரிவால்வர் தடைசெய்யப்பட்ட வகையில் சேரும். அதற்கு ஆட்சியர் தரும் உரிமம் செல்லாது.

கடைசியாக வரிசை எண். ஸ்மித் என்றால் கைப்பிடியின் அடிப்பக்கத்திலும், சிலிண்டரின் பின்முகத்திலும், குழலின் அடியிலும் ஒரே எண் இருக்க வேண்டும். அடையாள எண்ணை அழிப்பது அதே ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி குற்றம். அழிந்த எண்ணுள்ள துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, அவரே அழித்ததாகச் சட்டம் ஊகிக்கும்; இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. இன்னொரு பாலிஷில் மிச்சமிருக்கும் எண்ணும் போய்விட்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். எண் இப்போதே மங்கலாக இருந்தால், ஒப்படைக்கும்போதே அதைக் குறிப்பிட்டு, ரசீதிலும் எழுதச் சொல்லி வாங்குங்கள்.