முள் குத்திய டிராக்டர் டயருக்கு சீலன்ட் ஊற்றலாமா?

கேள்வி: டிராக்டரின் முன் டயர் 6.00-16, டியூப் உள்ளது. மாலையில் காற்று பிடித்தால் காலையில் பாதிதான் இருக்கிறது. பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தும் ஓட்டை தெரியவில்லை. எங்கள் பக்கம் சீமைக்கருவேல் அதிகம். சீலன்ட் ஊற்றினால் நிற்குமா?
– வாசகர், பரமக்குடி

சீலன்ட் என்பது டியூபுக்குள் ஊற்றினால் ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம். ஓட்டை எங்கே என்று தெரியாமல் ஊற்றாதீர்கள். முதலில் வால்வு வாயில் கொஞ்சம் எச்சிலோ சோப்புத் தண்ணீரோ தடவுங்கள். குமிழ் வந்தால், வால்வுக்குள் திருகியிருக்கும் சிறு ஊசியான வால்வு பின்னில்தான் கோளாறு. புதுப் பின் போட்டால் வேலை முடிந்தது. சீலன்ட் வாங்கும் செலவில் பத்துப் பதினைந்து பின் வாங்கலாம்.

வால்வு நன்றாக இருந்தால், டியூபை வெளியே எடுத்து வழக்கத்தைவிடச் சற்றுப் பருமனாகக் காற்றடித்துத் தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள். முள் குத்திய துளை ஊசிமுனை அளவுதான் இருக்கும். தொளதொளவென்று கிடக்கும் டியூபில் ரப்பர் தானே சுருங்கி அதை மூடிக்கொள்ளும். விரிந்தால்தான் குமிழ் விடும்.

டியூப் வெளியே இருக்கும்போதே டயரின் உள்பக்கத்தைப் பழைய பருத்தித் துணியால் அழுத்தித் துடையுங்கள். வெறுங்கை வேண்டாம். முறிந்த முள்ளின் நுனி நீட்டிக்கொண்டிருந்தால் நூல் அதில் சிக்கும். அந்த இடத்தில் குறடு வைத்து முள்ளைப் பிடுங்க வேண்டும். இதைச் செய்யாமல் சீலன்ட் ஊற்றினால் அடைத்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே அதே முள் இன்னொன்று போடும். பாரம் ஏறி இறங்கும்போதெல்லாம் டியூப் டயருக்குள் கொஞ்சம் நகரும், முள் நகராது. டியூப்லெஸ் டயரில் இந்தத் தொல்லை குறைவு. டியூப் டயரில் சீலன்ட் தோற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

முள்ளை எடுத்துவிட்டீர்கள், துளையும் தரையில் படும் பாகத்துக்கு நேராக இருக்கிறது என்றால் சீலன்ட் நிற்கும். பக்கச் சுவரில் துளை, வால்வு அடியில் கிழிசல், பழைய ஒட்டு விட்டுப்போனது ஆகியவற்றுக்கு அது உதவாது. வால்வு நேராக நிற்காமல் சாய்ந்திருந்தால், குறைந்த காற்றில் ஓட்டியதால் டயர் ரிம்மின்மேல் வழுக்கி டியூபையும் இழுத்திருக்கிறது என்று பொருள். அடுத்து வால்வு அடியோடு பிய்ந்து வரும். அங்கே சீலன்ட் ஊற்றுவது வீண்.

இன்னொன்று. காலையில் 25 டிகிரி, நண்பகலில் 38 டிகிரி என்றால் முன் டயரில் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 2 பி.எஸ்.ஐ. வித்தியாசம் தானாகவே வரும். வண்டி ஓடிச் சூடான நேரத்தில் அளந்துவிட்டு, மறுநாள் காலை குறைந்திருக்கிறது என்று கவலைப்பட வேண்டாம். எப்போதும் காலையில், ஓட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள்.

கேள்வி: பின் டயர் 13.6-28. எவ்வளவு சீலன்ட், எப்படி ஊற்றுவது?
– வாசகர், விருத்தாசலம்

டப்பாவில் அச்சிட்டிருக்கும் அட்டவணைதான் கணக்கு. கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். தோராயமாக இந்த அளவு பின் டயருக்கு 4 முதல் 5 லிட்டர், முன் டயருக்கு 1 லிட்டர் பிடிக்கும். பைக்குக்கு விற்கும் சின்ன டப்பா ஒன்றை ஊற்றிவிட்டு "சீலன்ட் வேலை செய்யவில்லை" என்பவர்கள் நிறைய.

முன் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, அச்சுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, கூடவே மரக்கட்டையும் முட்டுக் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். வால்வு மேல் பாதியில் வரும்படி சக்கரத்தைச் சுழற்றி நிறுத்துங்கள். பின்னைக் கழற்றிக் காற்று முழுவதையும் விடுங்கள். வால்வை ரிம்மில் பிடித்திருக்கும் நட்டு இருக்கட்டும். கழற்றினால் வால்வு உள்ளே போய்விடும்.

டப்பாவை நன்றாகக் குலுக்க வேண்டும். ஓட்டையை அடைக்கும் நாரும் ரப்பர் துகளும் அடியில் தங்கியிருக்கும். குலுக்காமல் ஊற்றினால் மேலே நிற்கும் திரவம் மட்டும்தான் போகும். வால்வு வழியாக அளவு முழுவதும் ஏற்றிய பிறகு பின் இல்லாமலே கொஞ்சம் காற்றடித்து வால்வுக் குழாயைச் சுத்தம் செய்யுங்கள். அப்புறம் புதுப் பின் போட்டு, கையேட்டில் சொன்ன அளவுக்குக் காற்று பிடியுங்கள்.

உடனே 5 கிலோமீட்டராவது சாலையில் ஓட்டுங்கள். உழவு வேகத்தில் சக்கரம் மெதுவாகச் சுழல்வதால் திரவம் அடியிலேயே தேங்கிக் கிடக்கும், சுற்றிலும் பூசாது. ஊற்றிவிட்டு நேரே வயலில் இறக்கினால் பாதி வேலைதான்.

பிறகு காற்று பார்க்கும்போதெல்லாம் வால்வை மேலே கொண்டுவந்து, சில நிமிடம் விட்டுப் பாருங்கள். வால்வு கீழே இருந்தால் சீலன்ட் பீறிட்டு, காற்று அளக்கும் கேஜை அடைத்துவிடும்.

கேள்வி: பின் டயரில் தண்ணீர் நிரப்பியிருக்கிறோம். அதோடு சீலன்ட் சேர்க்கலாமா?
– வாசகர், மன்னார்குடி

வேண்டாம். 13.6-28 டயரில் முக்கால் பாகம் நிரப்பினால் சுமார் 180 லிட்டர் தண்ணீர் இருக்கும். அதில் 5 லிட்டர் சீலன்ட் நீர்த்துப் போய்விடும். எடைக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் டியூபுக்கு ஒட்டுப் போடுங்கள். அல்லது தண்ணீரை வடித்துவிட்டுச் சக்கரத்தில் இரும்பு எடைத்தட்டு மாட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சீலன்ட் ஊற்றிய டியூபுக்கு ஒட்டுப் போட முடியாது என்கிறார் பஞ்சர் கடைக்காரர். உண்மையா?
– வாசகர், தாராபுரம்

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது; ஆனால் ஒட்டுப் போட முடியும். கிளைகால் என்ற, தண்ணீரில் கரையும் திரவம் கலந்த சீலன்ட் என்றால் துளையைச் சுற்றி ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்த்தி, தேய்த்து, பிறகு சொல்யூஷன் (ஒட்டுப் பசை) போடலாம். துளை வழியாகத் திரும்பக் கசியாதபடி டியூபை அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி பிடிக்க வேண்டும். ரப்பர் பால் கலந்த வகை உள்ளே இறுகித் தோலாகப் படியும். அதைச் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. எந்த வகை ஊற்றியிருக்கிறீர்கள் என்று கடையில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நுரையாகப் பீய்ச்சும் டப்பா எதையாவது போட்டிருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். சிலவற்றில் எரியக்கூடிய வாயு இருக்கும். எதுவும் போடாவிட்டாலும், டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் வெல்டிங் வைக்கவே கூடாது, டயர் வெடிக்கும்.

கேள்வி: நாலைந்து ஒட்டுப் போட்ட பழைய டியூப். சீலன்ட் ஊற்றி இந்தப் பட்டத்தை ஓட்டிவிடலாமா?
– வாசகர், அருப்புக்கோட்டை

புது டியூப் போடுங்கள். சீலன்டை அதில் ஊற்றினால் காசுக்குப் பலன் உண்டு.