அபூன் என்றால் எங்கள் அப்பா

கேள்வி: சிறுவயதிலிருந்து 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்றுதான் ஜெபிக்கிறேன். இயேசு பேசிய அரமேய மொழியில் அது 'அண்டத்தின் தாயும் தந்தையுமான மூச்சே' என்று தொடங்குவதாக வாட்ஸ்அப்பில் வந்தது. அதைச் சொன்னால் மனம் அமைதியாகிறது. அப்படியானால் இத்தனை வருடம் நான் சொன்னது தப்பா?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தப்பே இல்லை சகோதரி, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். உங்களுக்கு வந்தது யாரோ தியானித்து எழுதிய கவிதை. அதை மொழிபெயர்ப்பு என்று பரப்புகிறார்களே, அதுதான் எனக்கு வருத்தம். அரமேயத்தில் அந்த ஜெபத்தின் முதல் சொல்லான 'அபூன்' என்றால் 'எங்கள் அப்பா'. அதில் தாயும் இல்லை, மூச்சும் இல்லை. இதமாக இருந்தால் தியானமாகச் சொல்லிக்கொள்ளுங்கள், மூலம் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

இயேசு கலிலேயாவின் அரமேயத்தில் பேசியவர், சரி. ஆனால் மத்தேயுவும் லூக்காவும் நம் கைக்கு வந்தது கிரேக்கத்தில். இப்போது சுற்றிவரும் 'அபூன் த்பஷ்மாயா' சிரியாக் வேதாகமத்தில் உள்ளது, அதுவே கிரேக்கத்திலிருந்து பெயர்த்தது. சிரியாக் என்பது எதெஸா, அதாவது இன்றைய துருக்கியின் ஊர்ஃபா பக்கம் வளர்ந்த அரமேயம். கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் பாரம்பரிய வழிபாட்டு மொழியும் அதுதான்.

அதற்காக அரமேயத்தில் தேட ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். 'ஹோபா' என்ற சொல்லுக்குக் கடன் என்றும் பொருள், பாவம் என்றும் பொருள். உங்கள் பழைய வேதாகமத்தில் மத்தேயு 6:12, லூக்கா 11:4 இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். முன்னதில் 'எங்கள் கடன்களை', பின்னதில் 'எங்கள் பாவங்களை'. இரண்டுக்கும் பின்னால் அந்த ஒரே சொல் இருந்திருக்கும் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அப்புறம் 'மன்னியும்'. சிரியாக்கில் அங்கே வரும் வினைக்கு 'விடு' என்பதுதான் அடிப்படைப் பொருள், சிலுவையில் 'சபக்தானி', 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று கதறினாரே, அதுவும் இதே வினைதான்! 'கடனை விட்டுவிடு', 'என்னைக் கைவிடாதே' என்று நம் தமிழ் 'விடு'வும் அப்படியே இரண்டு பக்கமும் போகிறது, இதை முதலில் கவனித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இன்று ராத்திரி உங்கள் வழக்கமான தமிழிலேயே ஜெபியுங்கள். 'மன்னியும்' வரும்போது கொஞ்சம் நிறுத்தி, யாரை இன்னும் விடாமல் மனதில் பிடித்து வைத்திருக்கிறீர்களோ அவர் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.