உறையில்லாமல் அனுப்பிய இதழ்கள்: நூலகம் பணம் தர மறுத்தால்

கேள்வி: சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப்புறத்திலிருந்து ஒரு காலாண்டு இலக்கிய இதழை நடத்தி வருகிறேன். முகவரிச் சீட்டை அட்டையின் மேலேயே ஒட்டி, உறை எதுவுமின்றி நூலகங்களுக்கு அஞ்சலில் அனுப்புவதே எங்கள் வழக்கம். இதழ்கள் முனை மடங்கியும் நனைந்தும் வருகின்றன என்று ஒரு கல்லூரி நூலகம் 1,800 ரிங்கிட் சந்தா பாக்கியைத் தர மறுக்கிறது. மன்னிப்புக் கேட்டு, சேதமான பழைய இதழ்கள் அனைத்தையும் மாற்றித் தருவதாகப் புலனத்தில் (வாட்ஸ்அப்) எழுதியும் பலனில்லை. தமிழுக்கு உழைத்தவனுக்கு இதுதான் மரியாதையா? வழக்கறிஞர் கடிதம் அனுப்பலாமா?

பதில்: ஐயா, உங்கள் உழைப்பையும் நூலகர் பேசிய தொனியையும் நீதிமன்றம் எடைபோடாது. வழியில் நேர்ந்த சேதம் யாருடைய தலையில் விழும் என்ற ஒன்றைத்தான் அது பார்க்கும்.

மலேசியாவின் 1957ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு முதலில் உங்களுக்குச் சாதகமாகவே பேசுகிறது: அனுப்ப வேண்டிய பொருளை எடுத்துச் செல்பவரிடம் சேர்த்துவிட்டால், வாங்கியவரிடமே சேர்த்ததாக முதல்நோக்கில் கொள்ளப்படும். ஆனால் பொருளின் தன்மைக்கேற்ற நியாயமான ஏற்பாட்டோடு அனுப்பத் தவறிய விற்பனையாளரை வழிச்சேதத்துக்குப் பொறுப்பாக்க, அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு வாங்கியவருக்கு இடம் தருகிறது. அங்கே உறை என்ற பேச்சே இல்லைதான். என்றாலும், மழை ஓயாத நாட்டில் தாளை வெறுமையாக அஞ்சலில் இட்டது நியாயமான ஏற்பாடுதான் என்று வாதிட, உங்கள் பக்கம் நிற்கும் எனக்கே தயக்கமாக இருக்கிறது. நல்ல நிலையில் நூலகத்திலேயே ஒப்படைக்க வேண்டும் என்று கொள்முதல் ஆணையில் ஒரு வரி இருந்துவிட்டால் அந்த வாதத்துக்கும் இடமில்லை.

உங்கள் கையில் உள்ள வலுவான சான்று வேறு. நூலகம் அந்த இதழ்களில் முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, அடுக்கில் வைத்திருந்தால், 42ஆம் பிரிவின்படி அவற்றை ஏற்றுக்கொண்டதாகக் கருத வாய்ப்பு அதிகம். அதன்பின் இதழ்களைத் திருப்பியனுப்பி முழுப் பணத்தையும் மறுப்பது கடினம். சேதத்துக்கேற்ப விலையைக் குறைக்கும்படி கேட்க மட்டும் 59ஆம் பிரிவு அவர்களுக்குத் துணை நிற்கும்.

எனக்குக் கவலை தருவது நீங்கள் அனுப்பிய புலனச் செய்திதான். சேதத்தால் இழந்ததைவிட, சேதத்துக்குப் பிறகு எழுதியதால் அதிகம் இழந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வருத்தத்தில் எழுதிய இரண்டு வரியை, தவறு தங்களுடையதே என்ற ஒப்புதலாக எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் வாசிக்கும்போதுதான் அவர்களுக்கு விவரம் புரியும். அதைவிட மோசமானது ‘அனைத்தையும்’ என்ற சொல். சிறு இதழ்களின் பழைய பிரதிகள் கையிருப்பில் இருப்பது அரிது. இல்லாததைத் தருவதாக எழுதிவிட்டு, இப்போது வழக்கறிஞர் கடிதமும் அனுப்பினால், பாக்கியைத் தராததோடு, இதுவரை கட்டிய சந்தாவையும் திருப்பிக் கேட்டு அவர்கள் எதிர்க்கோரிக்கை வைப்பார்கள். 1,800 கேட்கப் போனவர் அதைவிடப் பெரிய தொகைக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பார்.

5,000 ரிங்கிட்டுக்கு உட்பட்ட சிறு கோரிக்கையாக மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நீங்களே தாக்கல் செய்யலாம்தான். ஆனால் அந்த வழி தனிநபருக்கு உரியது. இதழை ஒரு சங்கம் வெளியிட்டு, விலைச்சீட்டும் அதன் பெயரில் போயிருந்தால் உங்களுக்கு உதவாது. பயனீட்டாளர் தீர்ப்பாயமும் இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குப் பொருந்தாது.

ஆகவே சமரசமாகப் போங்கள். முதலில் கையிருப்பை எண்ணுங்கள். இந்த ஆண்டின் சேதமான இதழ்களை மட்டும் உங்கள் செலவில் மாற்றித் தருவதாகவும், முந்தைய ஆண்டுகளுக்கு விலையில் ஒரு சிறு கழிவு தருவதாகவும், மீதியை அவர்கள் குறித்த தேதிக்குள் கட்டுவதாகவும், இதுவே இரு தரப்புக்கும் முழுமையான, இறுதியான தீர்வு என்றும் எழுதுங்கள். உரிமைகளுக்குப் பாதகமின்றி எழுதப்படும் சமரசக் கடிதம் இது என்ற குறிப்பு அதன் தலைப்பில் இருக்கட்டும். பேச்சு முறிந்தாலும் அதை உங்களுக்கு எதிராகக் காட்டவிடாமல் தடுக்க, 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவை நாடலாம். நீங்கள் முன்பு அனுப்பிய செய்திக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதை அழித்தும் பயனில்லை. அவர்களிடம் நகல் இருக்கும்.

இரு தரப்பும் கையெழுத்திடும்வரை புலனத்தில் ஒரு வரியும் எழுதாதீர்கள். அடுத்த இதழை நெகிழி உறையிலிட்டு, கெட்டி அட்டை வைத்துக் கட்டி, படமெடுத்து, அஞ்சல் ரசீதோடு வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.