விளம்பரச் சம்பளம், மருத்துவ நன்கொடை – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒன்பது வருடங்களாக இணைய விளம்பரத் துறையில் இருக்கிறேன். கிளையண்டின் விளம்பரம் யார் கண்ணில், எத்தனை முறை, என்ன விலைக்குப் பட வேண்டும் என்று பார்ப்பது என் வேலை. ஏழை நோயாளிகளுக்கு இலவசமாக சிகிச்சை தரும் ஓர் அறக்கட்டளைக்குச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை மாதாமாதம் அனுப்பி வருகிறேன்.

போன மாதம் அலுவலகத்துக்கு ஒரு புது கிளையண்ட் வந்தார். ஊசியும் மாத்திரையும் இல்லாமல் சர்க்கரை நோயை ‘வேரோடு’ போக்கும் என்று சொல்லி ஒரு பொடி விற்கிறார். கேம்பெய்ன் என் பொறுப்பு. நன்றாகவே ஓடுகிறது. அதே வாரம் அறக்கட்டளையிலிருந்து கூப்பிட்டு, “எங்களுக்கும் விளம்பரம் செய்து தர முடியுமா?” என்று கேட்டார்கள். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் கொடுப்பது நல்ல பணம்தானா? வேலையை விட்டுவிட வேண்டுமா? விட்டால் நன்கொடையும் நின்றுபோகுமே?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

பொடிக்காரரின் பெயரையும் எழுதியிருந்தீர்கள். அதையும் எடுத்துவிட்டேன்.

பணத்தைப் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடலாம். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு மருந்து, புகையிலை, ஆயுத நிறுவனங்களிடம் நன்கொடை வாங்குவதில்லை. அவ்வளவு கறாரானவர்கள்கூட ஒரு விளம்பர ஊழியரின் சம்பளத்தைத் திருப்பி அனுப்புவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. தாராளமாகக் கொடுங்கள்.

அதே அமைப்பு 2016-இல் செய்த ஒரு காரியம்தான் உங்கள் கடிதத்தைப் படித்தபோது நினைவுக்கு வந்தது. நிமோனியா தடுப்பூசியைச் சுமார் 10 லட்சம் டோஸ் இலவசமாகத் தருவதாக ஃபைசர் நிறுவனம் சொன்னது. வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். குழந்தைகளுக்குப் போட வேண்டிய ஊசி, மறுத்தால் யாருக்கு நஷ்டம் என்று தெரிந்துதான் மறுத்தார்கள். விலையைக் குறையுங்கள் என்பது அவர்களுடைய கோரிக்கை. தானம் கொடுப்பவர் நினைத்த நாளில் நிறுத்திக்கொள்ளலாம், நிபந்தனையும் போடலாம். விலை குறைந்தால் தானம் கிடைக்காதவர்களும் வாங்கிக்கொள்வார்கள். அந்த வருடம் நவம்பரில் மனிதாபிமான அமைப்புகளுக்கு மட்டும் விலையைக் குறைப்பதாக நிறுவனம் அறிவித்தது. அது போதாது என்று சண்டை தொடர்ந்தது தனிக் கதை.

உங்களுடைய பத்தில் ஒரு பங்கு அந்த இலவச டோஸ் மாதிரி. நான் கேட்பது விலையை. அதாவது, மீதி ஒன்பது பங்கை எப்படிச் சம்பாதிக்கிறீர்கள் என்பதை.

பொடியை எடுத்துக்கொள்வோம். அதை வாங்கக்கூடியவர் யார்? தினமும் குத்திக்கொண்டு சலித்துப்போனவர். கேம்பெய்ன் நன்றாக ஓடுகிறது என்றால் சரியாக அவரைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். முதல் வகை சர்க்கரை நோய் உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறி மயங்கி விழலாம், உயிரும் போகலாம். நீங்கள் பணம் அனுப்பும் அறக்கட்டளையின் வாசலுக்கே அவர் வந்து சேரலாம். உங்கள் நன்கொடையில் அவருக்கு சிகிச்சை நடக்கலாம். இதைக் கணக்கு நேராகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள உங்களால் முடியவில்லை, அதனால்தான் தூக்கம் வரவில்லை.

அந்தக் கேம்பெய்னை விட்டுவிடுங்கள். மேலதிகாரியிடம் தர்மம் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். அற்புத மருந்து விளம்பரங்களை கூகுள், மெட்டா இரண்டின் விதிகளுமே தடுக்கின்றன. கணக்கு முடங்கினால் மற்ற கிளையண்டுகளும் மாட்டிக்கொள்வார்கள் என்று சொல்லிப் பாருங்கள். நியாயம் எடுபடாத அறையில் இது எடுபடும். எடுபடாவிட்டால், அப்புறம் வேலையை விடுவது பற்றிப் பேசலாம்.

இனி என் சொந்தக் கதை. அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்திருந்த சமயம், டயாலிசிஸ் நோயாளிகளுக்கான சத்துமாவு ஒன்றை ஒரு தளத்தில் கூடையில் போட்டேன். டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்கலாம் என்று அப்படியே விட்டிருந்தேன். ஒன்பதாம் நாள் அப்பா போய்விட்டார். அதன் பிறகும் செய்தி படித்தாலும், வானிலை பார்த்தாலும், ஓரத்தில் அந்த டப்பா வந்து நிற்கும். ‘நீங்கள் விட்டுச் சென்றது உங்களுக்காகக் காத்திருக்கிறது.’ இரண்டு மாதம் வந்தது.

எந்திரம் செய்த வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். இந்தத் துறையில் இருக்கும் ஒரு நண்பர்தான் விளக்கினார். பார்த்துவிட்டுப் போனவரை விளம்பரம் இப்படித் துரத்துவதற்கு ரீடார்கெட்டிங் என்று பெயராம், எத்தனை நாள் துரத்த வேண்டும் என்பதற்கு ஒரு கட்டம் இருக்கிறதாம், அதில் யாரோ 60 என்று அடித்திருப்பாராம். உங்களுக்கு இது பாலபாடம். ஆனால் அந்தக் கட்டத்தில் 7 என்று அடிக்கவும், நோய் சம்பந்தப்பட்ட பக்கங்களைப் பார்த்தவர்களைப் பட்டியலிலிருந்து மொத்தமாக நீக்கவும் உங்களால் முடியும், என்னால் முடியாது. ஒரு வருடத்தில் எத்தனை கேம்பெய்ன் உங்கள் கையால் போகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அறக்கட்டளைக்கும் அவசியம் செய்து கொடுங்கள். தகுதியுள்ள தொண்டு நிறுவனங்களுக்கு கூகுள் மாதம் 10,000 டாலர் மதிப்புக்குத் தேடல் விளம்பரம் இலவசமாகத் தருகிறது. மருத்துவமனைகளுக்குக் கிடையாது, அவற்றோடு சேர்ந்த அறக்கட்டளைகளுக்கு உண்டு. ஆனால் விளம்பரத்தைப் பார்ப்பவர்களில் கிளிக் செய்பவர்களின் விகிதம் 5 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது, விளம்பரம் எந்தத் தேடலுக்கு வர வேண்டும் என்று குறிக்கும் கீவேர்ட் ஒற்றைச் சொல்லாக இருக்கக் கூடாது என்றெல்லாம் நிபந்தனைகள் இருக்கின்றன. தொழில் தெரியாதவர்களுக்கு அதைக் கட்டி மேய்ப்பது கஷ்டம்.

ஒரே ஒரு கண்டிப்பு. தொழில் பழக்கத்தில் அவர்களுடைய தளத்தில் பிக்சல் போட்டுவிடாதீர்கள், யார் எந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்று விளம்பர நிறுவனங்களுக்குச் சொல்லிவிடும் அந்தச் சின்ன நிரலைத்தான் சொல்கிறேன். ‘கீமோதெரபி’ என்ற வார்த்தையை வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வசதி ஃபேஸ்புக்கில் இருந்தது. 2022 ஜனவரியில்தான் அதை எடுக்க ஆரம்பித்தார்கள். அடுத்த வருடம், பயனர்களின் மருந்து விவரங்களை ஃபேஸ்புக்குக்கும் கூகுளுக்கும் கொடுத்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில் மருந்துகளுக்குத் தள்ளுபடிக் கூப்பன் தரும் குட்ஆர்எக்ஸ் நிறுவனம் 15 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. காசநோய் பக்கத்தைத் திறந்து படிக்கும் ஓர் ஏழை, அதைப் படித்தார் என்பது அவருக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவில் இருந்தால் போதும்.

ஏற்கெனவே அங்கே ஏதாவது பிக்சல் ஓடிக்கொண்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. பழைய தன்னார்வலர் யாராவது போட்டுவிட்டுப் போயிருப்பார், அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. உள்ளே போனதும் முதலில் அதைத் தேடிப் பாருங்கள்.