நிணநீர்க் கணுவில் பாசிட்டிவ்: ஆபரேஷனுக்குப் பிறகும் கரண்ட் எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு வயது 47. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், முதல் ஸ்டேஜ் என்று சொல்லி, கர்ப்பப்பையோடு இடுப்பிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் (லிம்ஃப் நோட் எனும் சிறு முடிச்சுகள்) எடுத்துவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து வந்த பயாப்ஸி ரிப்போர்ட்டில் 18 கணுக்களில் 2 பாசிட்டிவ். இப்போது ஸ்டேஜ் 3சி1 என்கிறார்கள். கரண்டும் (கதிர்வீச்சு சிகிச்சை) கீமோவும் வேண்டுமாம். அதற்குள் பரவிவிட்டதா? அம்மா இனி எதுவும் வேண்டாம் என்கிறார்.

பதில்: மூன்று வாரத்தில் நோய் முற்றிவிடவில்லை. ஆபரேஷன் நடந்த அன்றே அந்த இரண்டு கணுக்களிலும் நோய் இருந்திருக்கிறது. ஸ்கேனில் கணு பெருத்திருந்தால்தான் பெரும்பாலும் சந்தேகம் வரும். பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும் கணுவுக்குள் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் புற்று இருந்தால் எம்ஆர்ஐயில் தப்பிவிடும். ஒவ்வொரு கணுவையும் சீவி மைக்ரோஸ்கோப்பில் வைக்கும்போதுதான் பிடிபடும்.

ஸ்டேஜ் 3 என்றதும் பதறியிருப்பீர்கள். மகளிர் புற்றுநோய்களுக்கு ஸ்டேஜ் வகுக்கும் ஃபிகோ அமைப்பு 2018-ல் விதியை மாற்றியது. அதற்கு முன்பு கணுவில் நோய் இருந்தாலும் ஸ்டேஜ் மாறாது. இப்போது இடுப்புக் கணுவில் இருந்தால் 3சி1, அதற்கு மேலே வயிற்றுப் பெருந்தமனியை ஒட்டிய கணுவில் இருந்தால் 3சி2. நுரையீரல், கல்லீரல் வரை போவது 4பி; அம்மா அந்த நிலையில் இல்லை. குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் அடுத்த சிகிச்சையைச் சொல்லியிருக்கிறார்கள்.

"எல்லாம் எடுத்தாச்சே" என்று அம்மா கேட்பது நியாயம்தான். கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்தாயிற்று. ஆனால் கணு வரை போன செல்கள் நிணநீர்க் குழாய்கள் வழியாகத்தான் போயிருக்கின்றன. இடுப்பு ரத்தக்குழாய்களைச் சுற்றிப் பின்னிக்கிடக்கும் அந்தக் குழாய்களைக் கத்தியால் முழுதாகத் துடைக்க முடியாது. அங்கே தங்கியிருக்கக்கூடியவற்றுக்குத்தான் கரண்ட். கூடவே கீமோ எதற்கு என்றால், இப்படி ஆபரேஷனுக்குப் பிறகு கணுவிலோ வெட்டிய விளிம்பிலோ நோய் தெரிந்த பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2000-ல் வெளியானது. கரண்ட் மட்டும் வைத்தவர்களில் நான்காண்டு உயிரோடிருந்தவர்கள் 71 சதவீதம். கீமோவும் சேர்த்தவர்களில் 81. வேண்டாம் என்று விடக்கூடிய வித்தியாசமா இது?

பொதுவாக வாரம் ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம் கரண்ட், வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. இந்த மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் ஒவ்வொரு டோஸுக்கு முன்பும் ரத்தத்தில் கிரியேட்டினின் அளவைப் பார்ப்பார்கள்; சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று அது காட்டும். அம்மா நிறையத் தண்ணீர் குடிக்கட்டும். ஹீமோகுளோபின் குறையாமல் இருக்க வேண்டும். பேதி வரும், மாத்திரையில் அடங்கும். இடையில் நாள் விட்டுவிடாதீர்கள். தள்ளிப்போட வேண்டாம், காயம் ஆறியதும், முடிந்தவரை ஆபரேஷன் ஆன ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிடுவது நல்லது.

டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: பாசிட்டிவ் ஆன கணுக்கள் எந்த இடத்தவை, மேலே பெருந்தமனிப் பக்கம் ஸ்கேனில் பார்த்தாயிற்றா? கரண்டை எவ்வளவு உயரம் வரை வைப்பது என்பது அதைப் பொறுத்தது.

கணுக்களை எடுத்து, கரண்டும் வைத்தால் பின்னாளில் கால் வீங்கலாம். அந்தக் காலில் சிறு காயம் வழியாகவும் கிருமி தொற்றலாம் என்பதால் செருப்பில்லாமல் நடக்க வேண்டாம். கால் சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். செலவுதான் தயக்கம் என்றால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் கரண்டுக்கும் கீமோவுக்கும் இடமுண்டு. மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இந்த வாரமே விசாரியுங்கள்.