வைஃபை வரவில்லை, ஒலி கேட்கவில்லை: லினக்ஸ் வாசகர் கேள்விகள்

கேள்வி: பழைய மடிக்கணினியில் டெபியன் 11 நிறுவினேன். 'வைஃபை அடாப்டர் இல்லை' என்கிறது. விண்டோஸில் நன்றாக வேலை செய்த கணினி இது. டிரைவரை எங்கிருந்து இறக்குவது?

பதில்: எதையும் இறக்குவதற்கு முன், உள்ளே இருப்பது எந்த சிப் என்று பாருங்கள். டெர்மினலைத் திறந்து 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' என்ற கட்டளையை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் கொடுங்கள். வைஃபை சிப்பின் பெயரும், சதுர அடைப்புக்குறிக்குள் அதன் அடையாள எண்ணும் வரும். எந்த டிரைவராவது (சிப்பை இயக்கும் மென்பொருள்) அதை ஏற்றிருந்தால் அதன் பெயர் கீழ்வரியில் இருக்கும். அடையாள எண்ணின் முதல் நான்கு இடங்கள் தயாரித்த நிறுவனத்தைக் காட்டும்: 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 14இ4 என்றால் பிராட்காம். மடிக்கணினியின் மாடல் பெயரை வைத்து டிரைவர் தேடுவது வீண். ஒரே மாடலுக்குள் வெவ்வேறு சிப்களை வைத்து விற்பது சாதாரணமாக நடக்கிறது.

இன்டெல் சிப் என்றால் உங்களுக்கு டிரைவரே தேவையில்லை. 'ஐடபிள்யூஎல்வைஃபை' என்ற டிரைவர் லினக்ஸின் மையநிரலான கர்னலோடு வந்துவிட்டது. இல்லாதது ஃபர்ம்வேர், அதாவது சிப்புக்குள்ளேயே ஓடும் சிறிய நிரல். கணினி தொடங்கும்போதெல்லாம் டிரைவர் அதை வட்டிலிருந்து எடுத்து சிப்பில் ஏற்ற வேண்டும். 'சூடோ டிமெஸ்ஜி' கட்டளை காட்டும் கர்னல் செய்திகளைப் படியுங்கள். எந்தக் கோப்பைத் தேடித் தோற்றது என்று கர்னல் பெயரோடு சொல்லியிருக்கும். அந்த ஒரு வரி, இணையத்தில் கிடைக்கும் பத்துக் குறிப்புகளைவிட மேலானது.

மூலநிரல் இல்லாத ஃபர்ம்வேரைத் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்ப்பதில்லை என்பது டெபியனின் நெடுநாள் கொள்கை. 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து அதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் இவை வட்டிலேயே இருக்கின்றன. சுதந்திர மென்பொருளில் எனக்கு உறுதியான பற்று உண்டு. ஆனாலும் அந்த முடிவை வரவேற்கிறேன், இணையமே கிடைக்காத புதியவர் லினக்ஸை விட்டே போய்விடுவார். ஆகவே புதிய பதிப்பை நிறுவுவதுதான் சுலபமான வழி. 11இலேயே இருக்க வேண்டுமென்றால், தொகுப்பு மூலங்களில் (மென்பொருள் இறக்கும் இடங்களின் பட்டியலில்) 'நான்-ஃப்ரீ' பகுதியைச் சேர்த்து 'ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை' தொகுப்பை நிறுவுங்கள். அதுவரை இணையத்துக்கு என்ன செய்வது என்கிறீர்களா? ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து 'யூஎஸ்பி டெதரிங்' போடுங்கள். பெரும்பாலும் எதையும் நிறுவாமலே ஒரு கம்பி இணைப்பாக அது தோன்றும்.

பிராட்காம் என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும். சில சிப்களுக்கு 'பி43', சிலவற்றுக்கு 'பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ்' என்று வழிகள் பிரியும். இரண்டாவது வழியில் டிரைவர் உங்கள் கணினியிலேயே கம்பைல் ஆகும், அதாவது நிரலிலிருந்து உருவாக்கப்படும், அதற்குக் கர்னல் ஹெடர் தொகுப்பு தேவை. எல்லாம் சரியாக முடிந்தும் டிரைவர் ஏறவில்லையென்றால், கணினி தொடங்கும்போது மென்பொருளின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் மீது சந்தேகப்படுங்கள். கையொப்பம் இல்லாத டிரைவரை அது மறுத்துவிடும். டிரைவரின் கையொப்பச் சாவியைச் சேர்க்கும்போது கேட்கப்படும் கடவுச்சொல்லை நினைவில் வைத்து, அடுத்த முறை தொடங்கும்போது வரும் நீலத்திரையில் அந்தச் சாவியைப் பதிவு செய்ய வேண்டும். அந்தத் திரையை அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள்.

கேள்வி: வைஃபை அடையாளம் தெரிகிறது, ஆனால் 'ஆன்' செய்ய முடியவில்லை.

பதில்: டெர்மினலில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்று கேளுங்கள். 'சாஃப்ட்' தடை என்றால் 'சூடோ ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை' போதும். 'ஹார்டு' தடையை எந்தக் கட்டளையாலும் நீக்க முடியாது. மடிக்கணினியின் பக்கவாட்டில் உள்ள சுவிட்ச், விமானப் படமுள்ள விசை, பயாஸ் அமைப்பு ஆகியவற்றைப் பாருங்கள். அதே கணினியில் விண்டோஸும் இருந்தால் அங்கே 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை நிறுத்திவிடுங்கள். அது விண்டோஸை முழுமையாக அணைப்பதில்லை. சில மடிக்கணினிகளில் வைஃபை அட்டை அப்படியே அரைகுறை நிலையில் லினக்ஸ் கைக்கு வந்து சேர்கிறது.

கேள்வி: யூஎஸ்பி வைஃபை வாங்கினேன். செருகினால் சிடி டிரைவ் போலத் தோன்றுகிறது!

பதில்: விண்டோஸுக்கான டிரைவரை அதற்குள்ளேயே வைத்து, முதலில் ஒரு சிடியாக நடிக்கும்படி செய்திருக்கிறார்கள். 'எல்எஸ்யூஎஸ்பி' கட்டளை தரும் பட்டியலில் 0பிடிஏ:1ஏ2பி என்ற எண் தெரிந்தால் அது ரியல்டெக்கின் அந்த வேடம்தான். 'யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச்' தொகுப்பை நிறுவிக் கழற்றிச் செருகுங்கள். அதன்பின்னும் சிடியாகவே நின்றால் கோப்பு மேலாளரில் அந்தச் சிடியை 'இஜெக்ட்' செய்து பாருங்கள், பல சாதனங்கள் அதிலேயே வைஃபையாக மாறிவிடும்.

இனி வாங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியில் 'லினக்ஸ் ஆதரவு' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்கிறதா என்று கேளுங்கள். வெளியிலிருந்து கம்பைல் செய்யும் டிரைவர் இன்று ஓடும், அடுத்த கர்னல் மேம்படுத்தலில் நின்றுபோகும், அதைச் சரிசெய்யவும் இணையம் வேண்டும். மீடியாடெக் எம்டி7612யூ, எம்டி7921ஏயூ சிப்களுக்கான டிரைவர் கர்னலிலேயே உள்ளது. இரண்டாவதுக்கு 5.18 அல்லது அதற்குப் பிந்தைய கர்னல் தேவை. சில நூறு ரூபாய் கூடுதலானாலும் இவற்றையே பரிந்துரைக்கிறேன்.

கேள்வி: புதிய மடிக்கணினியில் ஒலி அமைப்பில் 'டம்மி அவுட்புட்' மட்டுமே இருக்கிறது.

பதில்: லினக்ஸில் ஒலி இரண்டு அடுக்குகளில் ஓடுகிறது. கீழே கர்னலோடு சேர்ந்த அல்சா, மேலே பயன்பாடுகளின் ஒலிகளைக் கலந்து அனுப்பும் பல்ஸ்ஆடியோ அல்லது இன்றைய பைப்வயர். மேலடுக்குக்குக் கீழே ஓர் ஒலி அட்டையும் கிடைக்காதபோது அது காட்டுவதே 'டம்மி அவுட்புட்'. எனவே முதலில் 'ஏப்ளே -எல்' கொடுத்து அல்சாவுக்கு அட்டை தெரிகிறதா என்று பாருங்கள். அங்கே தெரிந்தால் கோளாறு மேலே இருக்கிறது. பைப்வயர் சேவைகளை மீண்டும் தொடங்கினால் பெரும்பாலும் சரியாகும். அங்கேயும் இல்லையென்றால் பைப்வயரை நீக்கி மீண்டும் நிறுவுவதால் ஒரு பயனும் இல்லை, ஆனால் பலர் அதைத்தான் முதலில் செய்கிறார்கள்.

டிஜிட்டல் மைக் உள்ள அண்மைக்கால இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில் ஒலிச் சிப்புக்கும் ஃபர்ம்வேர் வேண்டும். அது 'சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்', சுருக்கமாக 'எஸ்ஓஎஃப்'. டெபியனில் 'ஃபர்ம்வேர்-எஸ்ஓஎஃப்-சைன்ட்' என்ற தொகுப்பு. நிறுவி மறுதொடக்கம் செய்யுங்கள்.

கேள்வி: அட்டை தெரிகிறது, ஆனால் ஸ்பீக்கரில் ஒலி இல்லை.

பதில்: 'அல்சாமிக்சர்' திறந்து எஃப்6 விசையால் சரியான அட்டையைத் தேர்ந்தெடுங்கள். பட்டைக்குக் கீழே 'எம்எம்' என்றிருந்தால் அது ஊமை நிலை, 'எம்' விசையை அழுத்துங்கள். 'ஆட்டோ-மியூட்' இயங்கினால், ஹெட்ஃபோன் செருகியிருப்பதாகத் தவறாக எண்ணி ஸ்பீக்கரை அணைத்திருக்கக்கூடும். எச்டிஎம்ஐ வெளியீடு தேர்வாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு அருமையாக இருக்கிறது. அழைப்பு வந்தவுடன் பழைய தொலைபேசி போல் ஆகிவிடுகிறது. லினக்ஸின் குறையா?

பதில்: இல்லை, வழக்கமான புளூடூத் ஒலியின் எல்லையே அதுதான். பாட்டுக்கான 'ஏ2டிபி' முறையில் ஸ்டீரியோ ஒலி ஒரே திசையில் போகிறது, ஹெட்செட்டின் மைக் வேலை செய்யாது. மைக் தேவைப்பட்டவுடன் 'எச்எஃப்பி' முறைக்கு மாறும். அதில் ஒலி மோனோவாகிவிடும். கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) சிவிஎஸ்டி என்றால் 8 கிலோஹெர்ட்ஸ், எம்எஸ்பிசி என்றால் 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் பேச்சு தெளிவாகும். இன்னும் நல்ல வழி: ஹெட்செட்டை 'ஏ2டிபி'யிலேயே விட்டுவிட்டு, மடிக்கணினியின் சொந்த மைக்கை உள்ளீடாகத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு முறை ஒலி தொடங்கும்போதும் 'டப்' என்று ஒரு சத்தம்.

பதில்: சில விநாடிகள் ஒலி இல்லாவிட்டால் டிரைவர் ஒலிச் சிப்பை உறங்க வைக்கிறது, விழிக்கும்போது இந்தச் சத்தம். 'எஸ்என்டி-எச்டிஏ-இன்டெல்' டிரைவரின் 'பவர்-சேவ்' மதிப்பைத் தற்காலிகமாக 0 ஆக்கிச் சோதியுங்கள் (கோப்பில் இந்தப் பெயர்களின் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வரும்). சத்தம் நின்றால் 'மாட்ப்ரோப்.டி' அடைவில் ஒரு கோப்பு வைத்து அதை நிரந்தரமாக்குங்கள். பேட்டரி சற்றுக் கூடுதலாகச் செலவாகும்.